இசைமுரசு ஈ.எம். ஹனிபா: அறுபதாண்டு ஒலித்த குரல்



மதீனாவில் தொழுகைக்கு மக்களை எவ்வாறு அழைப்பது என்று ஆலோசனை நடந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். மணியடிக்கலாம் என்று சிலர் கூறினர். கொம்பு ஊதலாம் என்று வேறு சிலர் கூறினர். அந்நிலையில் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் பாங்கின் சொற்களைக் கனவில் கேட்டு, அதனைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து தெரிவித்தார்கள். கனவு கண்டவர் அவர்தாம். ஆயினும் அச்சொற்களை உரக்கச் சொல்லும் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அவற்றை பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும்படியும், பிலாலின் குரலே நன்கு உயர்ந்து ஒலிக்கக் கூடியது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. சொல் ஒருவர் வழியாக வந்தது. குரல் இன்னொருவருடையதாக அமைந்தது. குரல் என்பது அல்லாஹ் சிலரிடம் மட்டும் ஒப்படைக்கும் ஓர் அமானத் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே அத்தகைய அமானத்தைச் சுமந்தவர் மர்ஹூம் நாகூர் ஈ.எம். ஹனிபா. 1925 டிசம்பர் 25ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரில் வளர்ந்து, 2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் தமது 89ஆம் வயதில் மறைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவர் பிறந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. நாற்பதுகளில் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டிற்குப் பின்னும் மேடையேறிய பாடகர்கள் எந்தச் சமூகத்திலும் மிகச் சிலரே. நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்திற்கும் அவருக்கும் இருந்த உறவு இனிமையும் சற்றுக் கசப்பும் கலந்தது. அதனைப் பற்றி எவரும் விரிவாக எழுதியதாக நான் கண்டதில்லை என்பதால் இக்கட்டுரை.

ஹனிபா முறைப்படி சங்கீதம் கற்றவர் அல்லர். நாகூரின் பைத்து சபையில் சிறுவனாகப் பாடிப் பழகியதே அவருடைய பாடசாலை. அந்த ஊரின் காற்றிலேயே இசை இருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. தர்காவில் நாள்தோறும் முழங்கும் நகரா, கந்தூரி ஊர்வலத்தின் தாயிரா, அக்கம்பக்கத்துத் தஞ்சைச் சீமைக் கோயில்களின் நாதசுரம் ஆகிய யாவும் அச்சிறுவனின் செவியில் கலந்து விழுந்தன. அத்துடன், நாகூர் புலவர்கள் நிறைந்த ஊர். இன்று ஒரு தெருவில் ஒரு வைத்தியர் இருப்பதுபோல அன்று அங்கே தெருவிற்கு ஒரு புலவர் இருந்தார் என்று சொல்வதுண்டு. பாடக் காத்திருந்த குரலும், பாடுவோரைத் தேடிக்கொண்டிருந்த பாட்டுகளும் ஒரே ஊரில் அமைந்தது இறைவனின் ஏற்பாடு.

ஒலிபெருக்கி எங்கும் பரவாத காலத்தில் பாடத் தொடங்கியவர் என்பதால், பந்தலின் கடைசி வரிசையில் நிற்பவரையும் வெறும் தொண்டையாலேயே எட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் ஒலிபெருக்கி வந்தபோதும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. மேல் ஸ்தாயியில் தொடங்கி, அங்கேயே நின்று, இறங்காமல் பாடுவார். ‘இசைமுரசு’ என்று தமிழகம் அவரை அழைத்தது வெறும் அலங்காரத்திற்கன்று. முரசுக்கு நளினம் கிடையாது. எட்டுத் திக்கும் கேட்பதே அதன் வேலை. மெல்லிசைப் பிரியர்கள் சிலர் அவருடைய குரலில் நெளிவு சுளிவு போதாது என்பர். அது உண்மைதான். ஆனால் நெளிவு சுளிவு மிகுந்த பல குரல்கள் பத்தாண்டில் தேய்ந்து மறைந்ததையும், இக்குரல் அறுபதாண்டு நின்றதையும் நாம் கண்டிருக்கிறோம்.

மத்ரஸா ஆசிரியன் என்ற முறையில் நான் வியப்பது அவருடைய உச்சரிப்பை. தஜ்வீது படித்தோர் அறிவர்: ‘அல்லாஹ்’ என்னும் திருநாமத்திலுள்ள லாம், அதற்கு முன் வரும் உயிர்க்குறியைப் பொறுத்துச் சில இடங்களில் கனத்தும் சில இடங்களில் மெலிந்தும் ஒலிக்க வேண்டும், இறுதி ஹாவை விழுங்கிவிடக் கூடாது. மெட்டுக்காக இழுத்துப் பாடும்போது பெரும்பாலோர் முதலில் பலியிடுவது அந்த ஹாவைத்தான். ஹனிபா அதனைப் பலியிடவில்லை. அதேபோல் தமிழின் ழகரமும் அவர் நாவில் மாசுபடாமல் இருந்தது. எகிப்தின் உம்மு குல்தூம் அம்மையாரைப் பற்றி அரபுலகில் இதே பாராட்டைச் சொல்வர். கிராமத்து இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்து, குர்ஆன் ஓதிப் பழகிய நாவால் பாடியவர் அவர். மாதத்தின் முதல் வியாழன் இரவில் வானொலியில் அவர் பாடும்போது அரபுலகமே செவிசாய்த்தது. 1975இல் அவர் மறைந்த பின்னரும் அக்குரல் ஓயவில்லை. கவிதையின் ஒவ்வோர் எழுத்தும் கேட்போர் காதில் தனித்து விழுந்ததே அதற்கு ஒரு காரணம். பெரிய குரலுக்குத் தெளிந்த உச்சரிப்பு துணையாகும்போதுதான் அது நெடுநாள் நிற்கிறது போலும்.

ழகரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. கடற்கரையோர முஸ்லிம்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர். பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு வாழும் நாமோ பெரும்பாலும் ஹனபிகள். நம்மில் கணிசமானோர் வீட்டில் பேசுவது உர்தூ. நம் பிள்ளைகளுக்கு ‘வாழை’ எளிதில் ‘வாளை’ ஆகிவிடுகிறது. ‘பழம்’ பல வீடுகளில் ‘பலம்’தான். பள்ளியில் தமிழாசிரியர் திருத்தித் திருத்திச் சலித்துப்போன எழுத்தை, ரமழான் இரவில் ஒலித்த ஒரு பாட்டு திருத்திவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முஹம்மது ரபியின் நஅத்துகளும் கவ்வாலிகளும் ஒலித்த வீடுகளில் தமிழ் இஸ்லாமியப் பாடல் நுழைந்த வாசல் ஹனிபாவின் குரலே. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் உள்ள தோல் தொழிற்கூடங்களில் தமிழ் முஸ்லிம், உர்தூ முஸ்லிம், ஹிந்து, கிறிஸ்தவர் எல்லோரும் ஒரே கொட்டகையில் நிற்கின்றனர். அங்கே பொதுவாகப் பாடத் தெரிந்த பாட்டு எது என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் குரல் நம் இல்லங்களுக்கு வந்த வழிகள் பல. முதலில் கிராமபோன் இசைத்தட்டு. வசதி படைத்த சில வீடுகளில் மட்டுமே அது இருந்தது. பின்னர் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகள். கடல் கடந்து வந்த அந்த ஒலிபரப்பைத் தமிழகத்தின் தென்கோடி முதல் வடகோடி வரை கேட்டனர். எண்பதுகளில் ஒலிநாடா வந்ததும் வேலி உடைந்தது. நிக்காஹ் பந்தலில், மீலாது மேடையில், ஸஹர் நேரத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் என்று எங்கும் ஹனிபா. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தமிழ் முஸ்லிம்கள் வாழும் நாடுகளுக்கெல்லாம் சென்று பாடினார்.

நம் பெண்மக்களைப் பற்றி இங்கே ஒரு சொல். பயான் மேடைகளுக்கு அவர்கள் வர இயலாதிருந்த காலம் அது. ஸீறாப்புராணத்தைப் படித்துணரும் தமிழறிவு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. கதீஜா நாயகியின் பெருந்தன்மையையும், பாத்திமா நாயகியின் வறுமையையும், பிலாலின் மார்பில் ஏற்றப்பட்ட பாறாங்கல்லையும் அடுப்படியில் நின்றவாறே அவர்கள் தெரிந்துகொண்டது பாட்டின் வழியாகவே. நான் மத்ரஸாவில் ஸீரத் பாடம் நடத்தும்போது, ஒரு வரலாற்றை ஏற்கெனவே அறிந்திருக்கும் பிள்ளையிடம் எங்கே கேட்டாய் என்றால், ‘நன்னி பாடுவார்கள்’ என்று பதில் வரும். நன்னிக்கு அதைச் சொன்னவர் யார் என்பது நமக்குத் தெரிந்ததே.

திரைப்படத்திலும் அவர் பாடினார், ஆனால் குறைவாக. 1955இல் வெளிவந்த ‘குலேபகாவலி’, 1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’, பின்னர் நெடிய இடைவெளிக்குப் பிறகு தொண்ணூறுகளில் இளையராஜாவின் இசையில் ‘செம்பருத்தி’, ‘தர்மசீலன்’, ‘ராமன் அப்துல்லா’ ஆகிய படங்களில் அவர் குரல் ஒலித்தது. அக்குரலுக்குத் திரையுலகில் இன்னும் நிறைய இடம் கிடைத்திருக்கும். அவருடைய நாட்டம் அங்கே இல்லை. மேடையே அவருடைய களம்.

மேடை என்றதும் அரசியல் வந்துவிடுகிறது. அதனை மறைத்து எழுதினால் இக்கட்டுரை நேர்மையாகாது. ஹனிபா திராவிட இயக்கத்தின் தொண்டர். திருவாரூர்க் கலைஞர் மு. கருணாநிதியும் அவரும் இளமைக்கால நண்பர்கள். இருவரும் புகழ் பெறுவதற்கு முன்பே தொடங்கிய நட்பு அது. தி.மு.க. மேடையில் தலைவர்கள் பேசும் முன்பு ஹனிபா பாடுவார். கூட்டம் கூடுவதே அதற்காகத்தான் என்று பழைய தொண்டர்கள் இன்றும் சொல்வர். அண்ணாவை வாழ்த்தியும், 1953ஆம் ஆண்டின் கல்லக்குடிப் போராட்டத்தைப் போற்றியும் அவர் பாடிய பாடல்கள் கட்சிக்காரர்களுக்கு மனப்பாடம். அண்ணாவைப் பற்றிய பாட்டை இசைத்தட்டு நிறுவனம் பதிவு செய்யத் தயங்கியதாகவும், அப்படியானால் இஸ்லாமியப் பாடல்களையும் உங்களுக்குப் பாட மாட்டேன் என்று ஹனிபா கூறியதாகவும், இறுதியில் அத்தட்டு பெருவாரியாக விற்றதாகவும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கட்சி ஆட்சியில் இருந்தபோதும் இல்லாதபோதும் அவர் அணி மாறவில்லை. சட்ட மேலவை உறுப்பினர், வக்ஃபு வாரியத் தலைவர் ஆகிய பொறுப்புகள் அவருக்கு வந்தன. அவர் செய்த தொண்டுக்கு அவை சிறியவை என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

இனி, நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2002ஆம் ஆண்டு வாணியம்பாடிச் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. தி.மு.க. தன் வேட்பாளராக நாகூர் ஹனிபாவை நிறுத்தியது. அப்போது அவருக்கு வயது 76. முஸ்லிம்கள் நிறைந்த தொகுதி. வீட்டுக்கு வீடு தெரிந்த குரல். வெற்றி எளிது என்று வெளியூரில் இருந்தோர் எண்ணியிருக்கலாம். ஆளுங்கட்சியாக இருந்த அ.தி.மு.க.வின் வேட்பாளரே வென்றார். ‘பாட்டு ஹனிபாவுக்கு, ஓட்டு வேறொருவருக்கு’ என்று தேநீர்க் கடைகளில் அன்று பேசிக்கொண்டனர். அப்போது மாணவனாக இருந்த எனக்கு அந்தப் பேச்சு வேடிக்கையாகத் தோன்றியது. இன்று சற்று வேறாகத் தோன்றுகிறது.

வாக்காளர்களைக் குறை சொல்வதற்கில்லை. இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சியின் கை ஓங்கியிருப்பது தமிழகத்தில் புதிதன்று. தோல் தொழிற்கூடக் கழிவும் பாலாற்றின் குடிநீரும் பெரும் சிக்கலாக இருந்த தொகுதியில், நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து வந்த முதியவரைவிட உள்ளூர் ஆள் உதவுவார் என்று ஒருவர் கருதினால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த வயதில், உர்தூ பேசும் தெருக்களில் தமிழ்ப் பாடகர் ஒருவர் வாக்குக் கேட்டு நடந்ததை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. நாம் அவருடைய பாட்டைத் தமிழ்நாட்டவராகக் கேட்டோம். தேர்தலில் அவரை வெளியூராராகப் பார்த்தோம். தோல்விக்குப் பின் அவர் நம்மீது கோபித்துக்கொண்டு பாடாமல் இருந்துவிடவில்லை. நாமும் ஒலிநாடாவை நிறுத்திவிடவில்லை. அடுத்து வந்த ரமழானிலும் ஸஹர் நேரத்தில் அதே குரல்தான் நம்மை எழுப்பியது.

மார்க்கம் கற்ற வாசகர்கள் சிலர் இந்நேரம் புருவம் உயர்த்தியிருப்பர். இசைக்கருவிகளுடன் பாடியவரை ஒரு மத்ரஸா ஆசிரியர் பாராட்டலாமா என்று கேட்பர். கேள்வி நியாயமானது. நரம்புக் கருவிகளையும் ஊது கருவிகளையும் நம் இமாம்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதனை மென்று விழுங்கி எழுத நான் விரும்பவில்லை. அதே வேளையில், பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதும், அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் சிறுமியரை விட்டுவிடும்படி கூறியதும் புகாரியில் உள்ளன. கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்காகப் பள்ளிவாசலில் மிம்பர் வைக்கப்பட்டதும் நாம் ஓதிய வரலாறே. என் கருத்தில் கருவியைவிடப் பெரிய கேள்வி, பாட்டில் என்ன சொல்லப்படுகிறது என்பதே. ஹனிபா பாடிய பாடல்களில் வலிமார்களைப் புகழ்ந்தவை ஏராளம். அவற்றுள் சில, புகழ்ச்சியைத் தாண்டி அவர்களிடமே வேண்டி நிற்கின்றன. அத்தகையவற்றை என் மாணவர்களுக்கு நான் பாடக் கொடுப்பதில்லை. நாகூரில் வளர்ந்த ஒருவருக்கு அந்த அன்பு இயல்பானது என்பதை உணர்கிறேன். எனினும் அகீதாவில் எல்லை எல்லைதான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் தர்காவைப் பாடினார், கட்சியைப் பாடினார், தலைவர்களைப் பாடினார். தர்காப் பாடல்கள் தர்கா செல்வோரிடம் நின்றன. கட்சிப் பாடல்கள் கட்சிக்காரரோடு நின்றன. இவற்றையெல்லாம் கடந்து, முஸ்லிமல்லாதாரின் திருவிழா மேடைகளிலும், பேருந்துகளிலும், சமய நல்லிணக்கக் கூட்டங்களிலும் இன்றுவரை பாடப்படுவது ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் ஒரே பாட்டு. கவிஞர் ஆர். அப்துல் சலாம் எழுதியது அது. அதில் ஊர்ப் பெயர் இல்லை, வலியார் பெயர் இல்லை, கட்சி இல்லை. கேட்பதானால் இறைவனிடம் கேளுங்கள் என்பது மட்டுமே அதன் செய்தி. நாங்கள் வகுப்பறையில் பல மாதங்கள் நடத்தும் தவ்ஹீது பாடத்தை, கரும்பலகையே கண்டிராத ஒரு தாயின் உள்ளத்தில் அது சில நிமிடங்களில் இறக்கிவிடுகிறது. வேலூர் பாக்கியாத்திலும், 1924 முதல் நடந்துவரும் உமராபாத் தாருஸ்ஸலாமிலும் ஓதி வெளிவந்த ஆலிம்கள் எத்தனையோ பேர் நம் வட்டாரத்தில் உள்ளனர். இப்பாட்டின் பொருளில் குறை கண்ட ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

மீண்டும் பிலாலின் வரலாற்றை எண்ணிப் பார்க்கிறேன். கனவு கண்ட அப்துல்லாஹ் இப்னு ஸைதின் பெயரை ஹதீஸ் நூல்கள் மறக்கவில்லை. நாமோ ஹனிபாவின் பெயரை மட்டும் நினைவில் வைத்து, அவருக்குச் சொற்களைத் தந்தவர்களை மறந்துவிட்டோம். அப்துல் சலாமின் பெயர் நம் வட்டாரத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாகூரின் புலவர் ஆபிதீன், 2013இல் மறைந்த கவிஞர் நாகூர் சலீம் ஆகியோர் அவருக்காக எழுதிய பாடல்கள் பல. இன்று கைபேசியில் பாட்டு கிடைக்கிறது. பாடியவர் பெயர் கிடைக்கிறது. எழுதியவர் பெயர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழைய இசைத்தட்டின் மேலுறையிலும் ஒலிநாடாவின் உள்தாளிலும்தான் அப்பெயர்கள் அச்சாகியிருந்தன.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்று நம் ஊர்களில் பரண்மேல் தகரப்பெட்டிகளில் ஒலிநாடாக்கள் இன்னும் கிடக்கின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது குப்பையோடு சேர்த்து அவற்றை வீசிவிடாதீர்கள். நாடா பூசணம் பிடித்திருந்தாலும் உள்தாளை எடுத்து வையுங்கள். பாடலின் முதற்சொற்களையும், எழுதியவர் பெயரையும், வெளியான ஆண்டு இருந்தால் அதனையும் ஒரு நோட்டில் குறித்து, அருகிலுள்ள மத்ரஸாவிலோ கல்லூரி நூலகத்திலோ கொடுங்கள். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் நம்மிடையே இருக்க, இத்தொகுப்பு வேலைக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது.

எங்கள் மத்ரஸாவில் ஒரு மாணவனுக்கு இப்பொழுது வயது பத்து. வீட்டில் உர்தூ மட்டுமே பேசுபவன். தமிழ் எழுத்து இன்னும் அவனுக்குக் கைவசப்படவில்லை. சென்ற ரபீவுல் அவ்வல் விழாவில் ஹனிபாவின் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அவனுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு முழுவதையும் உர்தூ எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதி வைத்திருந்தான். ழகரத்திற்கு உர்தூவில் எழுத்து இல்லாததால், அது வரும் இடத்திலெல்லாம் லாம் எழுதி, அதன்மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தான். மேடையில் அந்தப் புள்ளி வந்த இடத்திலெல்லாம் நாவை மடித்துச் சரியாகச் சொன்னான்.